ஐ.வி.எஃப்., கருமுட்டைத் தானம், வாடகைத் தாய்: கையெழுத்துப் போடும் முன் கேட்கப்படும் கேள்விகள்

2022-ல் கோவையில் ஐ.வி.எஃப். (முட்டையையும் விந்தணுவையும் ஆய்வகத்தில் சேர்த்துக் கருவாக்கி, கருப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்துகொண்டேன். அதை யாரிடமும் மறைக்கவில்லை. அதனாலோ என்னவோ, மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது போன் செய்துவிடுகிறார்கள்: சொந்தக்காரப் பெண்கள், கூட வேலை பார்க்கும் டீச்சர்களின் தங்கைகள், எங்கேயோ நம்பர் வாங்கி அழைக்கும் முகம் தெரியாதவர்கள். பேச்சு ஊசி, மாத்திரை, செலவு என்றுதான் தொடங்கும். பத்து நிமிஷத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, இது சட்டப்படி சரியா? தப்பு ஒண்ணும் இல்லையே?" என்பார்கள். அந்தக் கேள்விகளை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். சட்டத்தை இறக்கி, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படித்தேன், அவ்வளவுதான்.

இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. ஒன்றில்லை, இரண்டு. செயற்கைக் கருத்தரிப்புக்கு 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்க உதவித் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம். வாடகைத் தாய்க்கு அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டம். இரண்டும் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதற்கு முன்பு இருந்தது 2005-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள். அவற்றை மீறினால் கேட்பதற்கு ஆள் கிடையாது.

எவ்வளவு தாமதம் பாருங்கள். உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தை இங்கிலாந்தில் பிறந்தது 1978 ஜூலை 25. அடுத்த குழந்தை எங்கே பிறந்தது தெரியுமா? நம் கல்கத்தாவில், அதே ஆண்டு அக்டோபர் 3. டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் கருவை உறையவைத்துப் பிறகு கருப்பையில் வைத்தார். இன்றைக்கு எல்லா மையத்திலும் "ஃப்ரோசன் டிரான்ஸ்ஃபர்" என்று சாதாரணமாகச் சொல்கிறார்களே, அதேதான். அவருக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை. மாநில அரசு ஒரு குழு போட்டு அவர் சொன்னதை நம்ப மறுத்தது. வெளிநாட்டு மாநாட்டுக்குப் போக விடவில்லை. கண் மருத்துவத் துறைக்குத் தூக்கிப் போட்டார்கள். 1981 ஜூன் 19 அன்று தற்கொலை செய்துகொண்டார். 1986-ல் மும்பையில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை என்று ஆகிப்போனது. அந்த 1986 சாதனைக்குப் பின்னால் இருந்த விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமார்தான் பிற்பாடு சுபாஷின் குறிப்புகளைப் படித்துவிட்டு, "எனக்கு முன்னால் அவர் செய்துவிட்டார்" என்று ஊரறியச் சொன்னார். கையிலிருந்த பட்டத்தைத் தானாகவே இறக்கிக் கொடுத்த மனிதர். கட்டுப்பாடு என்று பேசும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும். சட்டமே இல்லாத காலத்தில் ஒரு நல்ல டாக்டரை ஒரு குழு கொன்றது. அதே சட்டமில்லாத காலத்தில் புரோக்கர்கள் கொழித்தார்கள்.

யார் யார் செய்துகொள்ளலாம்?

மனைவிக்கு 21 வயதுக்கு மேல் 50-க்குள், கணவருக்கு 21-க்கு மேல் 55-க்குள் இருக்க வேண்டும். கல்யாணம் ஆகாத பெண், விதவை, விவாகரத்து ஆனவர் தனியாகவும் செய்துகொள்ளலாம். பலருக்கு இது தெரியவே தெரியாது. தனி ஆணுக்கு வழியில்லை. கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களும் ஒருபால் இணையரும் 'தம்பதி' என்ற சொல்லுக்குள்ளேயே வரமாட்டார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் சட்டம் இன்றைக்கு அப்படித்தான் இருக்கிறது.

கையில் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். படிக்க வேண்டுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மையத்தின் பெயர் வேண்டாம். முட்டை எடுப்பதற்கு முந்தின நாள், பில் கவுன்ட்டரில் நிற்கும்போதே ஒரு நர்ஸ் காகிதக் கட்டைக் கொண்டுவந்தார். முழுக்க ஆங்கிலம். எங்கெங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி. அவர் பக்கத்தைப் புரட்டப் புரட்ட நானும் கணவரும் போட்டுக்கொண்டே போனோம். பின்னால் வரிசையில் ஆள் நிற்கிறது, இவர் பேனாவைப் பிடுங்கிக்கொள்வாரோ என்ற வேகம். பாதியில் ஒரு பக்கத்தில் குறி எதுவும் இல்லை, நான்கு சிறு கட்டங்கள் மட்டும். "இது என்னங்க?" என்றேன். "அது ஃப்ரீசிங்குக்கு மேடம். எதுலயாவது ஒரு டிக் போடுங்க" என்றார்.

எதிலாவது ஒரு டிக்! அந்தக் கட்டங்கள் கேட்டது இதை: உங்களில் ஒருவர் இறந்துவிட்டால், அல்லது முடிவெடுக்க முடியாத நிலைக்குப் போய்விட்டால், உறையவைத்த கருக்களை என்ன செய்வது? சட்டத்தின் 22-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. சம்பந்தப்பட்ட எல்லோரும் எழுத்து மூலமாகச் சம்மதம் கொடுக்காமல் எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது. மரணமோ முடக்கமோ நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வாங்காமல் கருவையோ விந்தணுவையோ கருமுட்டையையோ உறையவைக்கவே கூடாது. ஒரு தம்பதி இரவெல்லாம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். எங்களுக்கு அதைப் பில் போடும் இடத்தில் கொடுத்தார்கள்.

அதனால் என்ன செய்ய வேண்டும் என்றால், படிவத்தை ஒரு வாரம் முன்பே கேளுங்கள். தமிழில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உட்கார்ந்து விளக்கச் சொல்லுங்கள். கையெழுத்திட்ட பிரதி ஒன்றை வாங்கி வீட்டில் வையுங்கள். ரேஷன் கார்டு வைக்கிற பையிலேயே வைத்துவிடுங்கள், தொலையாது. இன்னொன்று: கரு கருப்பைக்குள் வைக்கப்படும் வரை எந்த நேரத்திலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பணம் கட்டியாகிவிட்டதே என்று பயந்து தொடர வேண்டியதில்லை.

டோனர் முட்டை போடலாம் என்கிறார்கள். அந்தப் பெண் யார்? எப்படி வருகிறார்?

சட்டம் சொல்வது முதலில். கருமுட்டை கொடுப்பவருக்கு வயது 23-லிருந்து 35-க்குள். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம். 7 முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. அவர் கொடுத்தது ஒரே ஒரு தம்பதிக்குத்தான் போக வேண்டும். அவருக்கு 12 மாதத்துக்குக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும். அவரைத் தேடிச் சேர்ப்பது, கருமுட்டையும் விந்தணுவும் சேகரிக்கப் பதிவு பெற்ற வங்கியின் வேலை. இடைத்தரகர் வைப்பதும், முட்டையை விற்பதும் வாங்குவதும் குற்றம். முதல் முறை மாட்டினால் 5 முதல் 10 லட்சம் ரூபாய் அபராதம். மறுபடியும் செய்தால் 3 முதல் 8 ஆண்டு சிறை, கூடவே 10 முதல் 20 லட்சம் அபராதம்.

இனி நடப்பது. 2022-ல், சட்டம் வந்த அதே வருஷம், ஈரோட்டில் ஒரு வழக்கு வெடித்தது. 16 வயதுச் சிறுமி. பெற்ற தாயும் அந்தத் தாயோடு வாழ்ந்தவனும் ஒரு தரகுப் பெண்ணும் சேர்ந்து, போலி ஆதார் எடுத்து, வயதைக் கூட்டிக் காட்டி, அந்தப் பிள்ளையைப் பல மருத்துவமனைகளுக்குக் கூட்டிப்போய்த் திரும்பத் திரும்பக் கருமுட்டையை எடுத்து விற்றிருக்கிறார்கள். சுகாதாரத் துறை விசாரித்து மருத்துவமனைகள் மீது நடவடிக்கை எடுத்தது. அப்போது எனக்கே ஊசி நடந்துகொண்டிருந்த காலம். செய்தியைப் படித்துவிட்டு என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஏனென்றால் அது என்னவென்று எனக்குத் தெரியும். மாதவிலக்கின் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தொடங்கி, பத்துப் பன்னிரண்டு நாள் தொப்புளுக்குப் பக்கத்தில் தினம் ஊசி. வழக்கமாக மாதத்துக்கு ஒரு முட்டை முதிரும் இடத்தில் பத்துப் பதினைந்தை ஒரே சமயத்தில் முதிர வைக்கிறார்கள். உட்கார்ந்தால் எழுந்தால் கீழ்வயிற்றில் திராட்சைக் கொத்தைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி கனக்கும். கடைசி ஊசியைக் கடிகாரம் பார்த்துப் போட்டு, ஏறத்தாழ 36 மணி நேரம் கழித்து, மயக்கம் கொடுத்து, ஸ்கேன் பார்த்தபடி நீண்ட ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். சிலருக்கு வயிறு உப்பி நீர் கோத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வரும். இதை ஒரு சிறுமிக்குத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார்கள்.

7 என்ற கணக்கைப் பற்றி டாக்டர்கள் குறைப்படுவது உண்டு. ஊசிக்கு உடம்பு எப்படிப் பதில் சொல்லும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. 12 முதிர்ந்தால் 5-ஐ உள்ளேயே விட்டுவிட்டு வர வேண்டுமா என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் என் மனத்தாங்கல் வேறு. இந்தச் சிகிச்சையில் ஸ்கேன் எடுப்பவருக்குக் காசு, ஆய்வகத்துக்குக் காசு, மயக்க மருந்து கொடுப்பவருக்குக் காசு, மருந்துக் கடைக்குக் காசு. வயிற்றைக் கொடுத்தவளுக்கு மட்டும் அது 'தானம்'. பணம் கூடாது என்று எழுதிவிட்டால் பணம் மறைந்துவிடாது. தரகர் கைக்குப் போய்விடும். வறுமையில் இருப்பவளுக்கு வெளிப்படையாக ஒரு தொகையை நிர்ணயித்து, வங்கிக் கணக்கில் போட்டு, ஒரு முறைக்கு மேல் வந்தால் கணினியே காட்டிக்கொடுக்கும்படி செய்வதுதான் அவளுக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறேன். என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு, குறிப்பாக என் அண்ணி. "காசு கொடுத்தா அது வியாபாரம்தானே?" என்பார். இப்போது மட்டும் என்ன நடக்கிறது அண்ணி?

நீங்கள் செய்யக்கூடியது: டோனர் எந்த வங்கி மூலம் வருகிறார், வங்கியின் பதிவு எண் என்ன, அவருக்குக் காப்பீடு எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

குழந்தை பெரியவனானதும் டோனர் வந்து உரிமை கேட்பாரா?

முடியாது. சட்டப்படி அது உங்கள் குழந்தை. சொந்தக் குழந்தைக்குள்ள எல்லா உரிமையும் அதற்கு உண்டு, கொடுத்தவருக்கு எந்த உரிமையும் இல்லை. மறுபக்கமாக, குழந்தைக்கு டோனர் யார் என்று தெரிந்துகொள்ளவும் நம் நாட்டில் வழி செய்யப்படவில்லை. பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு தானம் கொடுத்தவர்களின் அடையாளத்தை, அப்படிப் பிறந்த பிள்ளைகள் 18 வயதில் கேட்டுப் பெறலாம். இங்கே வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பதே பெரிய பஞ்சாயத்து.

ஆண் குழந்தையாகப் பார்த்து வைக்கச் சொல்லலாமா?

கூடாது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் கருவில் இருக்கும்போது பார்ப்பதைத் தடுத்தது. 2003 திருத்தம் கரு உருவாவதற்கு முன்பே தேர்ந்தெடுப்பதையும் தடுத்தது. புதுச் சட்டமும் அதையே மறுபடி சொல்கிறது. கருவைச் சோதிப்பது, குடும்பத்தில் ஏற்கெனவே தெரிந்த மரபு நோய் இருந்தால் அதைக் கண்டறிவதற்காக.

மாமியார் கேட்கச் சொன்னார் என்பதற்காக என்னிடம் கேட்காதீர்கள்.

மரபணுவையே திருத்திக் குழந்தை பெறலாம் என்று யூடியூபில் பார்த்தேன். உண்மையா?

ஒருவர் செய்தார். சீனாவின் ஷென்ஜென் நகரில் ஹெ ஜியான்குய் என்ற விஞ்ஞானி, கிரிஸ்பர் என்னும் மரபணுக் கத்தரியால் கருக்களில் சி.சி.ஆர்.5 என்ற மரபணுவை வெட்டினார். அப்பாவுக்கு எச்.ஐ.வி. இருந்தது, பிள்ளைகளுக்கு அந்தக் கிருமி தொற்றாதபடி செய்கிறேன் என்பது அவர் வாதம். இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. 2018 நவம்பரில் செய்தி வெளியாகி, ஹாங்காங் மாநாட்டு மேடையில் அவரே நின்று விளக்கியபோது உலகமே கொதித்தது. அப்பாவிடமிருந்து கிருமி தொற்றாமல் தடுக்க, விந்தணுவைக் கழுவிப் பயன்படுத்தும் எளிய முறை ஏற்கெனவே இருந்ததே! 2019 டிசம்பரில் மூன்றாண்டு சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தார்கள்.

இதில் என்னை உறுத்துவது கத்தரியைவிட காகிதம். பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் 23 பக்கம். அதில் 'எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கும் திட்டம்' என்று எழுதியிருந்தது. அவர்களுக்கும் யாராவது பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

இந்தியாவில் கருவில் இப்படித் திருத்திக் குழந்தை உண்டாக்க 2017-ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள் அனுமதிக்கவில்லை. பிறந்தவரின் உடம்பிலிருந்து ரத்த அணுக்களின் மூலச் செல்லை எடுத்துத் திருத்தி, திரும்ப அவருக்கே ஏற்றுவது வேறு விஷயம். அரிவாள் செல் ரத்தசோகைக்கு அப்படியொரு சிகிச்சையை 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அங்கீகரித்தன. அந்தத் திருத்தம் அவரோடு முடிந்துவிடும். கருவில் செய்தால் பேரப்பிள்ளை வரைக்கும் போகும். அமெரிக்காவில் அந்த ரத்தசோகைச் சிகிச்சைக்கு 2023-ல் வைத்த விலை 22 லட்சம் டாலர், அதாவது ஓர் ஊரையே விற்றால்தான் முடியும்.

தங்கை எனக்காகக் குழந்தை சுமக்கத் தயார். வாடகைத் தாயாக இருக்கலாமா?

வழி உண்டு, ஆனால் படிகள் அதிகம். சுமப்பவர் கல்யாணமாகி, சொந்தமாக ஒரு குழந்தையாவது பெற்றவராக, 25-லிருந்து 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறை. கேட்கும் தம்பதியில் மனைவிக்கு 23 முதல் 50, கணவருக்கு 26 முதல் 55. கருப்பையில் சுமக்க முடியாது என்று மாவட்ட மருத்துவக் குழு சான்று தர வேண்டும். பிறக்கப்போகும் குழந்தை யாருடையது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்க வேண்டும். சுமப்பவருக்கு 36 மாதக் காப்பீடு. மருத்துவச் செலவும் காப்பீடும் விதிகளில் சொன்ன செலவும் தவிர ஒரு பைசா கொடுக்கக் கூடாது. பணத்துக்கு நடத்துபவர்களுக்குப் பத்தாண்டு வரை சிறை. கரு வைக்கப்படும் வரை தங்கை மனம் மாறலாம், யாரும் கேட்க முடியாது. கர்ப்பத்தைக் கலைக்கச் சொல்லி யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. விதவை, விவாகரத்தான பெண் என்றால் 35-லிருந்து 45 வயதுக்குள் இருப்பவர்கள் கேட்கலாம். தன் சொந்த முட்டையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? குஜராத்தின் ஆனந்த் நகரம், பால் கூட்டுறவுக்குப் பெயர்போன அதே ஊர், ஒரு காலத்தில் வெளிநாட்டுத் தம்பதிகளுக்குப் பிள்ளை பெற்றுத் தரும் ஊராகவும் ஆகியிருந்தது. 2008-ல் ஒரு ஜப்பானியத் தம்பதிக்காக அங்கே ஒரு குழந்தை உருவாகி, பிறப்பதற்கு முன்பே அவர்கள் விவாகரத்து செய்துகொண்டார்கள். பெறப் போகிறவள் அம்மா இல்லை, முட்டை கொடுத்தவள் அம்மா இல்லை, கேட்டவளும் வேண்டாம் என்றுவிட்டாள். பாட்டி ஜப்பானிலிருந்து வந்து சுப்ரீம் கோர்ட் வரை போய்க் கூட்டிப்போனார். 2015-ல் வெளிநாட்டவருக்குக் கதவு மூடப்பட்டது.

2022 அக்டோபரில் ஒரு தமிழ்த் திரைப்படத் தம்பதிக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோது டீக்கடை வரைக்கும் எல்லோரும் சட்ட நிபுணர் ஆனார்களே, நினைவிருக்கிறதா? அரசு விசாரித்து, தம்பதி விதி மீறவில்லை என்று அறிக்கை தந்தது. அந்த விசாரணையால்தான் பாதித் தமிழ்நாட்டுக்கு இப்படியொரு சட்டம் இருப்பதே தெரிந்தது.

இடையில் மாறியவை: 2023 மார்ச்சில் டோனர் அணுக்களே கூடாது என்று விதியைத் திருத்தினார்கள், எதிர்ப்பு வந்ததும், கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு மருத்துவக் காரணம் இருந்தால் டோனர் எடுத்துக்கொள்ளலாம் என்று 2024 பிப்ரவரியில் தளர்த்தினார்கள். 2025 அக்டோபர் 9 அன்று சுப்ரீம் கோர்ட், சட்டம் வருவதற்கு முன்பே வாடகைத் தாய்க்காகக் கருவை உறையவைத்த தம்பதிகளுக்கு இந்த வயது வரம்பு பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னது. வயது ஏறிப்போய் நம்பிக்கை இழந்தவர்கள் இதை வைத்து வக்கீலைப் பாருங்கள்.

கணவர் இறந்துவிட்டார். உறையவைத்த விந்தணுவைப் பெற முடியுமா?

அவர் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. டில்லியில் புற்றுநோய் சிகிச்சைக்கு முன் விந்தணுவைச் சேமித்த கல்யாணமாகாத இளைஞர் 2020-ல் இறந்துபோனார். மருத்துவமனை தர மறுத்ததும் அப்பா அம்மா கோர்ட்டுக்குப் போனார்கள். 2024 அக்டோபரில் டில்லி உயர்நீதிமன்றம் அவர்களுக்குக் கொடுக்கச் சொன்னது. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. நாலு வருஷம் அலைந்த பிறகு. மேலே சொன்ன நான்கு கட்டங்களை மறந்துவிடாதீர்கள்.

மையம் பதிவு பெற்றதா என்று எப்படித் தெரியும்? எங்கே புகார் செய்வது?

பதிவுச் சான்று பார்வையில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். ஐந்தாண்டுக்குத்தான் செல்லும், தேதியைப் பாருங்கள். விந்தணுவைக் கருப்பையில் செலுத்தும் ஐ.யூ.ஐ. மட்டும் செய்பவை முதல் நிலை, ஐ.வி.எஃப். செய்ய இரண்டாம் நிலைப் பதிவு வேண்டும். மாவட்டத்தில் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். காசுக்கு வழியில்லாதவர்கள் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் விசாரித்துப் பார்க்கலாம். அங்கே கருத்தரிப்பு மையம் தொடங்கியிருக்கிறார்கள்.

மீதிக் கருக்களை என்ன செய்தீர்கள் அக்கா?

எல்லோரும் கடைசியில், போனை வைக்கப் போகும்போது கேட்பது இது. எனக்கு 14 முட்டை கிடைத்து, 5 கரு தேறியது. இரண்டை வைத்தார்கள், ஒன்று நின்றது. அவன் இப்போது மாடிப்படியில் பொம்மைக் காரை உருட்டிவிட்டுக்கொண்டிருக்கிறான். மூன்று, வைக்கோல் துண்டு மாதிரி மெல்லிய குழாயில், திரவ நைட்ரஜன் டப்பாவுக்குள் இருக்கின்றன. பத்தாண்டு வரை வைத்திருக்கலாம். அதன் பிறகு அழிய விட வேண்டும், அல்லது நாங்கள் சம்மதித்தால் பதிவு பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். எங்கள் கணக்குக்கு 2032.

ஒவ்வொரு ஜூலையிலும் சேமிப்புக் கட்டணம் கட்டச் சொல்லி மையத்திலிருந்து வாட்ஸப் வரும். கணவர் எதுவும் பேசாமல் ஜீபேயில் அனுப்பிவிடுவார். போன வருஷம் நான்தான் கேட்டேன், "இன்னும் எத்தனை வருஷம் கட்டறது?" என்று. "அடுத்த வருஷம் பேசலாம்" என்றார். சரி என்றேன்.